க்ரோனி: லினக்ஸ் கடிகாரத்தின் பிழையை அளந்து திருத்தும் மென்பொருள்

நான் பராமரிக்கும் சர்வர்களில் ஒரு நாள், ஓர் ஆர்டர் வந்து சேர்வதற்கு மூன்று விநாடிகள் முன்பாகவே தரவுத்தளத்தில் பதிவாகியிருந்தது. வெப் சர்வரின் லாகில் காலை 11 மணி 42 நிமிடம் 7 விநாடி என்றும், தரவுத்தள சர்வரின் லாகில் அதே ஆர்டருக்கு 11 மணி 42 நிமிடம் 4 விநாடி என்றும் இருந்தது. பிழை நிரலில்தான் இருக்கும் என்று அரை நாள் தேடிய பிறகே அது கடிகாரத்தில் இருப்பது புலப்பட்டது. தரவுத்தளம் ஓடும் கணினியில் நேர ஒத்திசைவுச் சேவை இயங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஃபயர்வாலில், நேரச் செய்திகள் வந்துபோகும் வழியான யுடிபி 123-ஆம் போர்ட் மூடப்பட்டிருந்ததால் ஐந்து வாரங்களாக அதற்கு ஒரு பதிலும் வரவில்லை, கவனிப்பார் யாரும் இல்லாததால் எங்களுக்கும் அது தெரியவில்லை. அந்த வாரமே எல்லாக் கணினிகளிலும் க்ரோனியை நிறுவினேன். அதன்பின் மூன்று ஆண்டுகளாக 11 கணினிகளில் அதைப் பயன்படுத்தி வருகிறேன். அந்தப் பழக்கத்திலிருந்தே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

க்ரோனியை மதிப்பிட வேண்டுமானால் அது எதைத் திருத்துகிறது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஒரு கணினிக்குள் இரண்டு கடிகாரங்கள் உண்டு. மதர்போர்டில் உள்ள சிறு பேட்டரியின் தயவில், கணினி அணைந்திருக்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கும் வன்பொருள் கடிகாரம் ஒன்று. விநாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகமே அதன் இதயம். மற்றொன்று, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் சிஸ்டம் கடிகாரம். கணினி துவங்கும்போது கெர்னல் முதற்கடிகாரத்தை ஒருமுறை பார்த்து நேரத்தை எடுத்துக்கொள்கிறது. அதன்பின் பிராசஸரில் உள்ள எண்ணியின் துடிப்புகளை எண்ணி, அந்த எண்ணிக்கையை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கி நானோ விநாடிகளாக மாற்றிக்கொண்டே போகிறது. நிரல்கள் நேரம் கேட்கும்போதெல்லாம் கிடைக்கும் விடை இந்தப் பெருக்கலின் விடைதான். அந்த எண்ணியை இயக்கும் வேறொரு படிகம் குறித்த வேகத்தில் அதிராவிட்டால் பெருக்கெண் பொய்யாகிறது, நேரமும் பொய்யாகிறது.

எந்தப் படிகமும் குறித்த வேகத்தில் அதிர்வதில்லை. இந்தப் பிழையை பிபிஎம் என்ற அளவால், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று சொல்வது வழக்கம். ஒரு பிபிஎம் பிழை என்பது ஒரு நாளுக்கு 86.4 மில்லி விநாடி. எங்கள் தரவுத்தளக் கணினியின் படிகம் 12 பிபிஎம்முக்குச் சற்று மேல் மெதுவாக ஓடுவது. திருத்தமே இல்லாமல் விட்டால் நாளொன்றுக்கு ஒரு விநாடிக்கும் கூடுதலாகப் பின்தங்கும். ஐந்து வாரங்களில் 37 விநாடி பின்தங்கியிருக்க வேண்டிய கணினி மூன்று விநாடியோடு நின்றதற்குக் காரணம், தொடர்பு அறுவதற்கு முன் கற்றுக்கொண்ட திருத்தம் கெர்னலில் அப்படியே தங்கியிருந்ததுதான். திருத்தப்படாமல் எஞ்சிய ஒரே ஒரு பிபிஎம் செய்த வேலையே அந்த மூன்று விநாடி. நேரத்தை அவ்வப்போது சரியாக வைப்பதைவிட, கடிகாரம் எந்த வேகத்தில் தவறுகிறது என்பதைக் கற்றுக்கொள்வது எவ்வளவு முக்கியம் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

வலைப்பின்னல் வழியாக நேரத்தைப் பெறும் நெறிமுறையான என்டிபியை உருவாக்கியவர் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டேவிட் மில்ஸ். 1985-இல் அதன் முதல் வரையறை வெளிவந்தது. இன்று புழக்கத்தில் உள்ள நான்காம் பதிப்பு 2010-இல் வரையறுக்கப்பட்டது. மில்ஸ் 2024 ஜனவரியில் காலமானார். அவர் வகுத்த முறையின் சாரம் நான்கு நேரக் குறிப்புகள். கேள்வி நம் கணினியிலிருந்து புறப்பட்ட நேரம், அது சர்வரை அடைந்த நேரம், பதில் சர்வரிலிருந்து புறப்பட்ட நேரம், அது நம்மிடம் வந்து சேர்ந்த நேரம் ஆகிய நான்கும் தெரிந்தால், பயணத்துக்கு ஆன மொத்த நேரத்தைக் கணக்கிட்டு, போகவும் வரவும் சமமாக ஆனது என்று கொண்டு, இரண்டு கடிகாரங்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் கண்டுவிடலாம். சிக்கல் அந்தச் ‘சமமாக’ என்ற சொல்லில் இருக்கிறது. கேள்வி போக 40 மில்லி விநாடியும் பதில் வர 10 மில்லி விநாடியும் ஆனால், கணக்கு 15 மில்லி விநாடி தவறிவிடும். தவறியது என்பதை அந்த நான்கு எண்களிலிருந்து எவராலும் கண்டுபிடிக்க முடியாது. தவறு மொத்தப் பயணத்தில் பாதியை, அதாவது 25 மில்லி விநாடியைத் தாண்டாது என்ற உத்தரவாதம் மட்டுமே நமக்கு உண்டு. நேரத்தைச் சரியாகச் சொல்வதாக உரிமை கொண்டாடும் எந்த மென்பொருளையும் இந்த எல்லையை மனத்தில் வைத்தே எடைபோட வேண்டும்.

க்ரோனியை 1997-இல் எழுதத் தொடங்கியவர் ரிச்சர்ட் கர்னோ. இப்போது ரெட் ஹாட் நிறுவனத்தைச் சேர்ந்த மிரோஸ்லாவ் லிஹ்வார் அதைப் பராமரிக்கிறார். கட்டணம் இல்லாத, மூலநிரல் திறந்த மென்பொருள். எப்போதும் இணைப்பில் இல்லாத கணினிகளையும் கருத்தில் கொண்டு வளர்ந்தது என்பதன் அடையாளம் இன்றும் அதில் இருக்கிறது. இணைப்பு வந்தது, போனது என்று அதற்குச் சொல்லத் தனிக் கட்டளைகளே உண்டு. பின்னணியில் ஓடும் சேவைக்கு க்ரோனிடி என்றும், நாம் அதனுடன் பேசும் கட்டளைக்கு க்ரோனிசி என்றும் பெயர்.

இதன் தனிச்சிறப்பு, கெர்னலுக்குள்ளேயே இருக்கும் திருத்தச் சுழற்சியைப் பயன்படுத்தாமல் கணக்கைத் தானே போடுவது. ஒவ்வொரு சர்வரிடமிருந்தும் வந்த பதில்களில் 64 வரை சேமித்து வைத்துக்கொண்டு, அவற்றின் ஊடே ஒரு நேர்கோட்டைப் பொருத்துகிறது. அந்தக் கோடு இப்போது எவ்வளவு விலகியிருக்கிறது என்பது நேரப் பிழை. கோட்டின் சாய்வு வேகப் பிழை. புள்ளிகள் கோட்டோடு ஒட்டி வராதபோது பழையவற்றைத் தள்ளிவிட்டு புதியவற்றை மட்டும் வைத்துக்கொள்கிறது. முடிவில் கெர்னலிடம் அட்ஜ்டைமெக்ஸ் என்ற சிஸ்டம் கால் (கெர்னலுக்கான அழைப்பு) வழியாக அது கேட்பது ஒன்றுதான்: பெருக்கெண்ணை இவ்வளவு மாற்று. வழக்கமாக அது நேரத்தை முன்னும் பின்னும் தள்ளுவதில்லை. வேகத்தைச் சற்றே கூட்டியோ குறைத்தோ பிழை தானாகக் கரையும்படி செய்கிறது. தரவுத்தளம் நடத்துவோருக்கு இது மிகப் பெரிய வேறுபாடு. கடிகாரம் ஒருமுறை பின்னோக்கிக் குதித்தால் பிறகு வந்த பதிவு முன்பு வந்ததைப்போல் தெரியும். வேகம் மட்டும் மாறினால் வரிசை ஒருபோதும் கலைவதில்லை.

இந்தக் கரைப்பின் வேகத்திலும் க்ரோனி முன்னால் நிற்கிறது. மில்ஸின் மரபில் வந்த பழைய நேரச் சேவையான என்டிபிடி, 500 பிபிஎம் என்ற வரம்புக்குள்தான் கரைக்கும். ஒரு விநாடிப் பிழையைக் கரைக்க அந்த வரம்பில் 33 நிமிடங்களுக்கு மேல் ஆகும். க்ரோனியின் இயல்பு வரம்பு 83,333 பிபிஎம், அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. அதே ஒரு விநாடி 12 விநாடிகளில் கரைந்துவிடும்.

நிறுவிய பிறகு நான் நாள்தோறும் பார்ப்பது ‘க்ரோனிசி டிராக்கிங்’ என்ற கட்டளையின் விடை. பதின்மூன்று வரிகள் வருகின்றன. என் தரவுத்தளக் கணினியில் ஒரு சாதாரண நாளின் விடையை அப்படியே சொல்கிறேன். சிஸ்டம் டைம் என்ற வரியில் 0.000041 விநாடி மெதுவு. ஃப்ரீக்வென்சி வரியில் 12.386 பிபிஎம் மெதுவு. ஸ்க்யூ வரியில் 0.031 பிபிஎம். மூல நேர சர்வர் வரை போய்வர ஆகும் மொத்த நேரமான ரூட் டிலே 0.0182 விநாடி, வழியில் சேர்ந்த நிச்சயமின்மையின் அளவான ரூட் டிஸ்பெர்ஷன் 0.0013 விநாடி. முதல் வரியைப் பார்த்து, கடிகாரம் 41 மைக்ரோ விநாடிக்குள் துல்லியமாக இருக்கிறது என்று மகிழ்ந்துவிடுவது பலரும் செய்யும் தவறு. அது க்ரோனி தன் சொந்த மதிப்பீட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதுதானே தவிர, உண்மையான நேரத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதன்று. உண்மையான பிழைக்கு மேல்வரம்பு வேண்டுமானால் அந்த 41 மைக்ரோ விநாடியோடு ரூட் டிஸ்பெர்ஷனையும் ரூட் டிலேயில் பாதியையும் கூட்ட வேண்டும். இங்கே அது 10 மில்லி விநாடியைச் சற்றே தாண்டுகிறது. அந்தப் பாதி எங்கிருந்து வருகிறது என்பதை மேலே சொன்ன 40-க்கும் 10-க்குமான கணக்கே சொல்லும்.

ஸ்க்யூ என்ற வரியை நான் மிகவும் மதிக்கிறேன். படிகத்தின் வேகப் பிழை 12.386 என்று சொன்ன கையோடு, அந்த எண் எவ்வளவு நம்பத்தக்கது என்பதையும் க்ரோனி சொல்லிவிடுகிறது. ஒரு கோடையில் சர்வர் அறையின் ஏசி பழுதாகி அறை சூடேறியபோது ஃப்ரீக்வென்சி எண் மெல்ல நகரத் தொடங்கியது, ஸ்க்யூவும் உயர்ந்தது. வெப்பம் ஏறினால் குவார்ட்ஸின் வேகம் மாறும் என்று படித்திருந்தேன். அது என் கண்முன்னே எண்ணாக நகர்வதை அன்றுதான் பார்த்தேன். வெப்பமானியின் அளவைக் கொண்டு இதை ஈடுகட்டும் வசதியும் க்ரோனியில் உண்டு, ஆயினும் எனக்கு அது தேவைப்படவில்லை.

கெர்னலின் பக்கத்தில் ஒன்றை அவசியம் சொல்ல வேண்டும். கெர்னல் தன் கடிகாரத்தின் மீதான நம்பிக்கையைத் தானே குறைத்துக்கொண்டே போகும் இயல்புடையது: யாரும் புதுப்பிக்காவிட்டால் விநாடிக்கு 500 மைக்ரோ விநாடி வீதம் தன் அதிகபட்சப் பிழையைக் கூட்டிக்கொள்கிறது, அது 16 விநாடியை எட்டியதும் ‘ஒத்திசையவில்லை’ என்ற கொடியை உயர்த்திவிடுகிறது. ஏறக்குறைய ஒன்பது மணி நேரத்தில் இது நடந்துவிடும். கொடி இறங்கியிருக்கும் காலத்தில் மட்டுமே கெர்னல் 11 நிமிடங்களுக்கு ஒருமுறை சிஸ்டம் நேரத்தை வன்பொருள் கடிகாரத்தில் எழுதி வைக்கும். க்ரோனியோ, கட்டமைப்புக் கோப்பில் ஆர்டிசிசிங்க் என்ற வரி இருந்தால்தான் லினக்ஸில் அந்தக் கொடியை இறக்கும். பல லினக்ஸ் விநியோகங்கள் அந்த வரியைச் சேர்த்தே தருகின்றன. கோப்பைத் தாமே புதிதாக எழுதுவோர் அதை மறந்துவிட்டால், ஓடும்போது எல்லாம் சரியாக இருந்து, அடுத்த முறை துவங்கும்போது மட்டும் நேரம் தவறியிருப்பதைக் கண்டு குழம்புவார்கள்.

துவங்கும் வேளையில்தான் எங்களுக்கும் சோதனை வந்தது. கிடங்கில் உள்ள ஒரு பழைய கணினியில் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. மின்வெட்டுக்குப் பின் அது சில ஆண்டுகள் பின்தங்கிய தேதியோடு எழுந்தது. இத்தகைய நிலைக்காகவே மேக்ஸ்டெப் என்ற அமைப்பு இருக்கிறது: முதல் மூன்று புதுப்பிப்புகளுக்குள் பிழை ஒரு விநாடிக்கு மேல் இருந்தால் கரைக்காமல் ஒரே தாவலில் சரிசெய்யலாம் என்ற அனுமதி. வழக்கமாக அது சில விநாடிகளில் முடிந்துவிடும். ஆனால் அந்தக் கணினியில் நான் என்டிஎஸ் என்ற பாதுகாப்பை இயக்கியிருந்தேன். 2020-இல் வரையறுக்கப்பட்டு, அதே ஆண்டு க்ரோனியின் 4.0 பதிப்பில் சேர்ந்த இந்த வசதி, நேரம் சொல்லும் சர்வர் போலியானதன்று என்பதைச் சான்றிதழ் கொண்டு உறுதிசெய்கிறது. சான்றிதழின் காலம் இன்னும் தொடங்கவே இல்லை என்று பின்தங்கிய கடிகாரம் கருதியதால் சர்வர் நிராகரிக்கப்பட்டது. சர்வரின்றிக் கடிகாரம் திருந்த வழியில்லை. முதல் புதுப்பிப்புக்கு மட்டும் சான்றிதழின் தேதியைப் பார்க்காமல் விடும் நோசெர்ட்டைம்செக் என்ற அமைப்பு இதற்கென்றே இருக்கிறது. காலாவதியான சான்றிதழும் அந்த ஒரு முறை உள்ளே நுழையலாம் என்பதை ஏற்றுக்கொண்டே அதைப் போட வேண்டும். நான் அதைப் போட்டதோடு பேட்டரியையும் மாற்றினேன்.

குறை என்று நான் உறுதியாகச் சொல்வது விர்ச்சுவல் மெஷின்கள், அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் கணினிகள், தொடர்பானது. பராமரிப்புக்காக 40 நிமிடம் உறையவைத்து மீண்டும் ஓடவிட்ட ஒரு மெஷின், அதே 40 நிமிடம் பின்தங்கிய நேரத்தோடு விழித்தது. முதல் மூன்று புதுப்பிப்புகள் பல மாதங்களுக்கு முன்பே முடிந்துவிட்டதால் தாவ அனுமதி இல்லை. எனவே க்ரோனி தன் அதிகபட்ச வேகத்தில் கரைக்கத் தொடங்கியது. பன்னிரண்டு மடங்கு என்ற கணக்கில் 40 நிமிடத்துக்கு எட்டு மணி நேரம். அந்த எட்டு மணி நேரமும் அந்த மெஷினின் ஒவ்வொரு விநாடியும் சற்றே குட்டையாக ஓடியது, லாகுகள் எவற்றோடும் பொருந்தவில்லை, நேரம் குறித்து வைத்த வேலைகள் எல்லாம் தாமதமாயின. மென்பொருள் தனக்கு இடப்பட்ட விதியைப் பிசகாமல் பின்பற்றியது என்பது உண்மை. ஆனால் இவ்வளவு பெரிய பிழையைக் காணும்போது நிர்வாகிக்குத் தெரியும்படி வலுவாக எச்சரிப்பதும், உறைந்தெழும் மெஷின்களுக்கான அறிவுரையை ஆவணத்தின் முதல் பக்கத்திலேயே வைப்பதும் அதன் கடமை என்று கருதுகிறேன். இப்போது அத்தகைய மெஷின்களில் மட்டும் மேக்ஸ்டெப்பின் எண்ணிக்கையை மைனஸ் ஒன்று என வைத்து எப்போதும் தாவ அனுமதிக்கிறேன். தரவுத்தளக் கணினியில் அதை ஒருபோதும் செய்வதில்லை.

மாற்றாக எதைக் கொள்ளலாம் என்று கேட்போருக்கு: மடிக்கணினிக்கும் வீட்டுக் கணினிக்கும் சிஸ்டம்டி-டைம்சிங்க்டி போதும். அது இலகுவானது, ஆனால் ஒரு நேரத்தில் ஒரே சர்வரை நம்புகிறது, அந்தச் சர்வர் பொய் சொன்னால் ஒப்பிட்டுப் பார்க்க அதனிடம் வேறொன்றும் இல்லை. க்ரோனிக்கு நான்கு சர்வர்களைக் கொடுத்தால் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறவற்றைச் சேர்த்துக்கொண்டு, ஒத்துவராததன் எதிரே ஒரு பெருக்கல் குறியிட்டு ஒதுக்கிவைக்கிறது. இரண்டே சர்வர்கள் கொடுத்து அவை முரண்பட்டால் எது பொய் என்று அதனாலும் சொல்ல முடியாது; ஆகவே மூன்றுக்குக் குறையாமல் கொடுங்கள். என்டிபிடி மூத்தது, அரிய பழைய நேரக் கருவிகள் பலவற்றைப் பேசவைக்க வல்லது. ஆனால் பிழை 1,000 விநாடியைத் தாண்டினால் தன் இயல்பில் அது விலகிவிடும், இணைப்பு விட்டுவிட்டு வரும் இடங்களிலும் தடுமாறும்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு சொல். 2017-இல் க்யூர்53 என்ற நிறுவனம் க்ரோனியின் நிரலைத் தணிக்கை செய்தபோது குறைந்த தீவிரமுள்ள இரண்டு பலவீனங்களை மட்டுமே கண்டது. எல்லா அதிகாரமும் தரும் ரூட் உரிமையைத் துறந்துவிட்டு ஓடும் ஒரு சேவையிடம் நான் எதிர்பார்ப்பது இத்தகைய அறிக்கையைத்தான். இந்தியாவில் சர்வர் நடத்துவோருக்கு வேறொரு கடமையும் உண்டு: 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட ஆணை, தேசியத் தகவலியல் மையத்தின் சர்வர்களோடோ புது தில்லியில் இந்திய நேரத்தைப் பேணும் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வர்களோடோ, அவற்றிலிருந்து நேரம் பெறும் சர்வர்களோடோ கடிகாரங்களை ஒத்திசைக்கச் சொல்கிறது. அலுவலகத்துக்குள் இரண்டு கணினிகள் வெளியிலிருந்து நேரம் பெற்று, மற்ற ஒன்பதும் அவற்றோடு இன்னும் இரு வெளி சர்வர்களையும் கேட்கும்படி நான் அமைத்திருக்கிறேன். ஒரே க்ரோனிடி வாங்கவும் வழங்கவும் செய்வதால் இதற்குத் தனி மென்பொருள் தேவைப்படவில்லை.

பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக உலக நேரத்தில் அவ்வப்போது கூட்டப்படும் லீப் விநாடியைப் பற்றி அஞ்சுவோருக்கும் இதில் விடை உண்டு. 2012 ஜூன் 30 அன்று சேர்க்கப்பட்ட விநாடியின்போது கெர்னலில் இருந்த ஒரு பிழையால் உலகெங்கும் பல லினக்ஸ் சர்வர்கள் பிராசஸரை முழுதாய் எரித்துக்கொண்டு திணறின. அந்த விநாடியைக் கெர்னலிடம் விடாமல் தானே மெல்லக் கரைத்துக்கொள்ளும்படி க்ரோனியைப் பணிக்கலாம். 2016 டிசம்பர் 31-க்குப் பின் லீப் விநாடி எதுவும் சேர்க்கப்படவில்லை என்பதால் எனக்கு அதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு அமையவில்லை.

ஆவணத்தைப் பற்றி என் மனக்குறை இன்னும் தீரவில்லை. எல்லாமே அதில் இருக்கிறது, எதுவும் தவறாக இல்லை. ஆனால் எந்த அமைப்பு எந்தச் சூழலுக்கு என்று வழிகாட்டாமல், பல பக்கங்களுக்கு ஒரே சீராக விரிந்து கிடக்கிறது. சர்வர்களின் பட்டியலைக் காட்டும் கட்டளையில் வரும் நட்சத்திரம், கூட்டல், கழித்தல், கேள்விக்குறி ஆகியவற்றின் பொருளைப் புதிதாக வருவோர் மனப்பாடம் செய்தாக வேண்டும். அங்கே ரீச் என்ற பத்தியில் வரும் 377 என்பது எட்டின் அடிமானத்தில் எழுதப்பட்ட எண், கடைசி எட்டுக் கேள்விகளுக்கும் பதில் வந்தது என்று அதற்குப் பொருள். இத்தகைய எண்ணை நான் முன்பே படிக்கக் கற்றிருந்தால் மூடிய ஃபயர்வாலை ஐந்து வாரம் முன்பே கண்டிருப்பேன். இப்போது அந்த எண் 377-இலிருந்து இறங்கினால் எச்சரிக்கை வரும்படி செய்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலுவலகத்தில் யாரும் இல்லாத நாளில், தரவுத்தளக் கணினியிலிருந்து நேர சர்வர்களுக்குச் செல்லும் வழியை நானே 24 மணி நேரம் அடைத்துவைத்தேன். அந்த முழு நாளும் க்ரோனி தான் கற்றிருந்த 12.386 என்ற எண்ணை மட்டும் துணையாகக் கொண்டு ஓடியது. ரூட் டிஸ்பெர்ஷன் வரி மணிக்கு மணி ஏறி, முடிவில் ஏறத்தாழ 95 மில்லி விநாடியில் நின்றது, அதாவது என் நேரம் இவ்வளவு வரை தவறியிருக்கலாம் என்று அது சொன்னது. திங்கட்கிழமை காலை வழியைத் திறந்துவிட்டு முதல் பதில்கள் வந்ததும் தெரிந்த உண்மையான விலகல் 31 மில்லி விநாடி. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு பதிவின் வரிசையும் கலையாமல், அது கரைந்து முடிந்தது.